'கட்டியை முழுசா எடுத்தாச்சு': அப்புறமும் ஏன் கதிர்வீச்சு, மாத்திரை?

மூளை ஆபரேஷன் முடிந்து வெளியே வரும் டாக்டர் 'கட்டியை முழுசா எடுத்தாச்சு' என்றால், குடும்பமே பெருமூச்சு விடும். கிளையோபிளாஸ்டோமா என்ற வேகமான மூளைப் புற்றுநோயில் அதற்கு அர்த்தம் வேறு. ஸ்கேனில் தெரிந்ததை எடுத்தாச்சு, அவ்வளவுதான். கட்டியின் செல்கள் அதற்குள் நல்ல மூளைத் திசுவுக்குள்ளும் ஊடுருவியிருக்கும். 1928-ல் அமெரிக்க நிபுணர் வால்டர் டேண்டி சிலருக்கு வலதுபக்கப் பெருமூளையையே அகற்றிப் பார்த்தார். அப்படியும் நோய் திரும்பியது.

கொல்கத்தா ஜாதவ்பூரில் உள்ள சிஎஸ்ஐஆர்-இன் இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தில் இந்த வகைச் செல்களைப் பற்றிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் நோயாளிகளால் புது மருந்துக்குக் காத்திருக்க முடியாதே! வங்காளத்திலிருந்து ரயிலேறி காட்பாடியில் இறங்குபவர்கள் ஏராளம். வேலூர் சிஎம்சியைச் சுற்றி பெங்காலி போர்டுகள் தொங்குவது அதனால்தான். இப்படி ஊர்விட்டு ஊர் வருபவர்கள் ஆபரேஷனுக்கு மட்டும் கணக்குப் போட்டால் சிக்கல்தான்.

அடுத்த ஆறு வாரங்கள்

காயம் ஆறியதும், பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்களில் கதிர்வீச்சு தொடங்கும். வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 30 தடவை, 60 கிரே. கூடவே டெமோசோலமைடு மாத்திரை, சனி ஞாயிறு உட்பட தினமும். பிறகு ஒரு மாத இடைவெளி. அதன்பின் 28 நாளுக்கு ஒருமுறை, 5 நாள் மட்டும் மாத்திரை, ஆறு சுற்று. ரத்த அணுக்கள் குறையலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

இந்த முறைக்கு அடித்தளம் 2005-ல் வெளியான, 573 பேர் பங்கேற்ற ஆய்வு. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டு தாண்டியவர்கள் 10.4%. மாத்திரையும் சேர்ந்தபோது 26.5%. குணமாகிவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் இது சின்ன வித்தியாசம் இல்லை.

எல்லோருக்கும் பலன் ஒன்றல்ல. எம்ஜிஎம்டி என்ற மரபணு, மருந்து உடைத்த டிஎன்ஏவைச் சரிசெய்துவிடும். கட்டியில் அந்த மரபணு 'ஆஃப்' ஆகியிருந்தால்தான் மருந்து நன்றாக வேலை செய்யும். முக்கியமாக வயதானவர்களுக்கு, எந்தச் சிகிச்சை என்று முடிவெடுக்க இந்த டெஸ்ட் உதவும். எடுத்த கட்டியின் திசுவிலேயே இதைச் செய்யலாம். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போது பயாப்ஸி ரிப்போர்ட்டோடு, திசு பிளாக் எங்கே இருக்கிறது என்றும் கேட்டு வையுங்கள்.

தலையில் ஒட்டிக்கொள்ளும் மின்புலக் கருவியும் உண்டு. 2017 ஆய்வில் சராசரி ஆயுளை 16-லிருந்து 20.9 மாதமாக்கியது. தினம் சுமார் 18 மணி நேரம் அணிய வேண்டும், விலையும் ரொம்ப அதிகம்.

ஆறு வாரமும் வேலூர் லாட்ஜில் தங்க முடியாதா? ஆபரேஷன் ஓரிடம், கதிர்வீச்சு சொந்த ஊரில் என்று பிரித்துக்கொள்ளலாம். கொல்கத்தா நியூ டவுனில் டாடா மெடிக்கல் சென்டர் இருக்கிறது. இடத்தை முன்பே பேசி வைத்தால் நாள் வீணாகாது.

இன்னொன்று: கதிர்வீச்சு முடிந்த முதல் மூன்று மாதங்களில் எம்ஆர்ஐ-யில் கட்டி வளர்ந்ததுபோலத் தெரியலாம். பல நேரம் அது சிகிச்சையால் வந்த வீக்கம். அடுத்த ஸ்கேன்வரை பொறுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.