எரிமலை கேட்ட கேள்வி



குடிமைப் பணித் தேர்வுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள், "நடப்பு நிகழ்வுகளுக்கு எந்தத் தொகுப்பை மனப்பாடம் செய்யலாம்?" என்றே பெரும்பாலும் கேட்கின்றனர். அந்தமானைப் பற்றி வந்த ஒரு வினாவைப் பாருங்கள்.

2018 ஜூன் 3 அன்று நடந்த முதல்நிலைத் தேர்வில், பாரன் தீவு எரிமலையைக் குறித்து மூன்று கூற்றுகள் தரப்பட்டன. அது இந்திய எல்லைக்குள் உள்ள உயிருள்ள எரிமலை. பெரிய நிக்கோபாருக்குக் கிழக்கே ஏறத்தாழ 140 கி.மீ. தூரத்தில் உள்ளது, 1991-இல் கடைசியாக வெடித்தபின் அடங்கிவிட்டது. முதல் கூற்று மட்டுமே சரி.

மற்ற இரண்டிலும் பாதி உண்மை கலந்திருப்பதைக் கவனித்தீர்களா? தூரம் சரிதான், ஆனால் அது போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே உள்ள தூரம். 1991-இல் வெடித்ததும் உண்மையே. ஆனால் அதுவே கடைசி அல்ல. 2017 ஜனவரி 23 அன்று, கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அது சாம்பலைக் கக்குவதைக் கண்டனர். பிப்ரவரியில் செய்தித்தாள்களில் வந்த அந்தச் செய்தி, பதினாறு மாதம் கழித்து வினாவாயிற்று! கடைசி ஓராண்டுத் தொகுப்பை மட்டும் புரட்டியவர் அதை எங்கே கண்டிருப்பார்? சரியான விடைக்கு 2 மதிப்பெண். தவறினால் அதில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பொதுப் பிரிவினருக்கு வாய்ப்புகளோ ஆறே.

ஆகவே, செய்தியை வரைபடத்தோடு வாசிக்கப் பழகுங்கள். எங்கே, முன்பு என்ன நடந்தது, பிறகு என்ன ஆயிற்று என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பெரிய நிக்கோபார்த் திட்டத்திற்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது என்பது ஒரு வரிச் செய்தி. கலாத்தியா விரிகுடாவில் முட்டையிடும் தோல்முதுகு ஆமை, ஷோம்பென் பழங்குடியினர், மலாக்கா நீரிணைக் கப்பல் பாதை ஆகியவை அதன் பின்னால் நிற்கின்றன. வினா அங்கிருந்தும் வரலாம். பெயர் மாற்றங்களில் பழையதையும் புதியதையும் சேர்த்தே எழுதுங்கள். ஹேவ்லாக் 2018-இல் சுவராஜ் தீவு ஆயிற்று. போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். முதல்நிலை வினாத்தாளோ இந்தியிலும் ஆங்கிலத்திலுமே வருகிறது. தமிழ் நாளிதழில் பொருளை விளங்கிக்கொண்டு, ஆங்கிலச் சொல்லையும் அருகில் குறித்துவையுங்கள்.

பாரன் தீவு 2025 செப்டம்பரில் மறுபடியும் வெடித்தது. பழைய பக்கத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.