பாடசாலை வாசலில் பிள்ளையின் பெயர்

பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் முதற் சொத்து அதன் பெயர். வீட்டுக்குள் இருக்கும்வரை அச்சொத்துக்குப் பங்கம் எதுவும் வருவதில்லை. பிள்ளை பாடசாலை வாசலை மிதிக்கும் நாளில்தான் சோதனை ஆரம்பமாகிறது. அந்நிய நாட்டில் குடியேறியோரின் பிள்ளைகளுக்கு அது இன்னும் கடுமையானது.

1965ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்துக்குப் பின்னர் இந்தியாவிலிருந்து வைத்தியர்கள், பொறியியலாளர்கள் எனப் பலர் ஐக்கிய அமெரிக்காவில் குடியேறினர். அவர்களின் பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்தபோது, இடாப்பைக் கையில் எடுத்த ஆசிரியைகளின் நாவில் அப்பெயர்கள் வரவில்லை. அப்போது பெயரைத் தீர்மானித்தவர் யார் என்று பாருங்கள்.

சில வீடுகளில் ஆசிரியை தீர்மானித்தார். வங்காளக் குடும்பங்களில் பிள்ளைக்கு இரு பெயர்கள் உண்டு. வீட்டில் அழைக்க ஒன்று. பாடசாலைக்கும் பத்திரங்களுக்கும் மற்றொன்று. 1967இல் இலண்டனில் பிறந்து அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் வளர்ந்த எழுத்தாளர் ஜும்பா லாஹிரியின் முறையான பெயர் நீலாஞ்சனா சுதேஷ்ணா. வீட்டுப் பெயரே சொல்ல இலகுவானது என்று பாலர் வகுப்பு ஆசிரியை எண்ணினார். அன்றிலிருந்து அவர் ஜும்பாதான்.

சில வீடுகளில் பிள்ளையே தீர்மானித்தது. 1971இல் லூசியானாவில் பஞ்சாபிப் பெற்றோருக்குப் பிறந்த பியூஷ் ஜிண்டால், நான்கு வயதளவில் தொலைக்காட்சித் தொடரொன்றில் வந்த சிறுவனின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டார். 2008இல் அம்மாநில ஆளுநரானபோதும் அவர் பொபி ஜிண்டால்தான்.

லாஹிரி 2003இல் எழுதிய 'த நேம்சேக்' நாவலில் வரும் சிறுவனை வீட்டில் கோகோல் என்று அழைக்கின்றனர். பாடசாலைக்குச் சேர்க்கும்போது பெற்றோர் நிகில் என்ற புதுப் பெயரைக் கொடுக்கின்றனர். பழக்கமில்லாத அப்பெயருக்குப் பிள்ளை 'ஏன்' என்றுகூடக் கேட்பதில்லை. அதிபர் பிள்ளையிடமே விசாரித்துப் பழைய பெயரையே பதிகிறார். வளர்ந்த பின் அதே பெயர் அவனுக்குப் பாரமாகிறது. பதினெட்டு வயதில் நீதிமன்றம் சென்று நிகில் ஆகிறான். கதைதான், ஆனால் எத்தனையோ வீடுகளின் கதை.

தாய்மார்களே, பெயரைச் சுருக்குவதெல்லாம் குற்றமன்று. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவி ஆயிஷா (ரழி) அவர்களை 'ஆயிஷ்' என்று அன்போடு சுருக்கி அழைத்ததை ஹதீஸில் காண்கிறோம். அதே வேளை, பட்டப்பெயர் சூட்டி ஒருவரையொருவர் இழிவுபடுத்துவதை சூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. அன்பால் சுருங்கும் பெயர் பிள்ளையின் மனதில் நிறையும். பிறரின் சோம்பலாலோ கேலியாலோ சுருங்கும் பெயர் பிள்ளையைக் கூனச் செய்யும். 'என் பெயரில் ஏதோ பிழை இருக்கிறது' என்று எண்ணும் பிள்ளை, அப்பெயரை வைத்த உம்மா வாப்பாவிலும் பிழை இருக்கிறது என்று எண்ண எவ்வளவு நேரம் பிடிக்கும்?

இது இந்தியருக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. நம்மவரும் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா என்று குடியேறியிருக்கிறார்கள். வீட்டில் 'ரிஸ்வான்' என்று அழைக்கப்படும் பிள்ளை, விண்ணப்பத்தில் முதலில் 'முஹம்மத்' என்று இருப்பதால் வகுப்பில் 'முஹம்மத்' ஆகிவிடுகிறான். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் வாப்பாவின் பெயரை எழுத, பிள்ளையை வாப்பாவின் பெயரால் அழைப்போரும் உண்டு. பிள்ளை பதில் சொல்லாதபோது 'கவனமில்லாத பிள்ளை' என்ற பழி வேறு.

ஆகவே சில காரியங்களை முன்கூட்டியே செய்யுங்கள். பாடசாலையில் எந்தப் பெயர் வழங்கப்பட வேண்டும் என்பதைக் கணவரும் நீங்களும் முதலில் தீர்மானியுங்கள். சில மாதங்களுக்கு முன்பிருந்தே அப்பெயரால் பிள்ளையை வீட்டிலும் அழையுங்கள். அதன் பொருளையும், அதை வைத்தவர் யார், ஏன் வைத்தார் என்பதையும் கதையாகச் சொல்லுங்கள். முதல் நாளே ஆசிரியையைச் சந்தித்துப் பெயரை நிதானமாக உச்சரித்துக் காட்டுங்கள். பிழையாக அழைத்தால் மரியாதையோடு திருத்தப் பிள்ளைக்கும் பழக்குங்கள்.

இந்தியாவிலிருந்து சென்ற தாய்க்கு 1964இல் பிறந்த கமலா ஹாரிஸ், 2016இல் செனட் சபைத் தேர்தலில் நின்றபோது, தம் பெயரைச் சொல்லும் விதத்தைச் சிறுபிள்ளைகளைக் கொண்டே வாக்காளருக்குக் கற்றுக்கொடுத்தார். பெயரை மாற்றாமலே சபைக்குள் நுழைந்தார்.

ஊரார் நாவுக்காகப் பிள்ளையின் பெயரை வளைக்க வேண்டியதில்லை. நாவுதான் பழக வேண்டும். அதைப் பழக்கும் முதல் ஆசிரியை தாயே.