பொன் தராசும் விறகுத் தராசும்

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவி)

சென்ற ஆண்டு எங்கள் துறைக் கணிப்பொறி அறையில் நான் செய்த ஒரு பிழையே இக்கட்டுரைக்குக் காரணம். கையால் எழுதிய எண்களைப் படித்துச் சொல்லும் ஒரு நரம்பு வலையைப் பயிற்றுவிப்பது என் செயல்திட்டம். கணிப்பொறியின் நினைவகம் போதவில்லை. 32 பிட்டில் இருந்த எண்களையெல்லாம் 16 பிட்டுக்கு மாற்றிவிட்டேன். இடம் பாதியாயிற்று, வேகமும் கூடிற்று. மறுநாள் காலை வந்து பார்த்தால், முதலில் குறைந்து வந்த பிழையளவு ஓரிடத்தில் சேற்றில் புதைந்த வண்டிபோல் நின்றுவிட்டது. ஒப்படைக்க இரண்டு வாரமே இருந்தது. ஒருவாரம் நிரலைத் துருவியும் பயனில்லை. பேராசிரியர் கேட்டார்: “ஏம்மா, 16 பிட்டில் 1-உடன் 0.0004-ஐக் கூட்டிப் பார்த்தாயா?” கூட்டினேன். விடை 1 என்றே வந்தது!

இந்த விந்தையைப் புரிந்துகொள்ள, எண் சில்லுக்குள் எப்படி இருக்கிறது என்று காண்போம். மடக்கை அட்டவணை புரட்டிய நமக்கு இது புதிதன்று. ஓர் எண்ணைப் பின்னப் பகுதி, அடுக்குப் பகுதி என இரண்டாகப் பிரித்து வைக்கிறார்கள். 1985-இல் வகுக்கப்பட்ட ஐ.இ.இ.இ. 754 தரப்படி 32 பிட்டில் குறிக்கு 1, அடுக்குக்கு 8, பின்னத்துக்கு 23. பின்னர் வந்த 16 பிட் வடிவில் இவை முறையே 1, 5, 10. பின்னத்துக்குப் பத்தே பிட் என்றால், 1-க்கு அடுத்து அது அறிந்த எண் 1.000977. இடையில் ஒன்றும் கிடையாது. 0.0004 அந்த இடைவெளியில் பாதிகூட இல்லை. ஆகவே 1-க்கே திரும்பிவிடுகிறது. ஆயிரம் முறை கூட்டினாலும் 1-தான், வரவேண்டியதோ 1.4. நரம்பு வலை கற்பதே இத்தகைய சிறு திருத்தங்களால்தான். விறகுத் தராசில் குன்றிமணிப் பொன்னை வைத்துவிட்டு முள் அசையவில்லையே என்று நான் அழுதிருக்கிறேன்.

பிறகு ஏன் பிட்டுகளைக் குறைக்கிறார்கள்? கஞ்சத்தனம் அன்று, பெருக்கல்தான் காரணம். நான்கு இலக்க எண் இரண்டைத் தாளில் பெருக்கினால் 16 சிறு பெருக்கல்கள். எட்டு இலக்கமானால் 64. சில்லிலும் இதே கணக்கு. மறைந்திருக்கும் முதல் 1-ஐயும் சேர்த்தால் 32 பிட் எண்ணின் பின்னம் 24 இலக்கம், ஆகவே 576 சிறு பெருக்கல்கள். 16 பிட்டில் 11 இலக்கம், 121. பிட் பாதியாகிறது, பெருக்கியின் பருமனோ ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகிறது! ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-இல் 45 நானோமீட்டர் சில்லுக்குத் தந்த கணக்கில், 32 பிட் மிதவைப் பெருக்கலுக்கு 3.7 பிக்கோஜூல், 16 பிட்டுக்கு 1.1, 8 பிட் முழு எண்ணுக்கு 0.2. நரம்பு வலைக்கோ கோடிக்கணக்கான பெருக்கல்கள் வேண்டும்.

கூகுள் நிறுவனம் 2015-இல் பயன்படுத்தத் தொடங்கிய முதல் டி.பி.யு. சில்லு இதற்கு நல்ல சான்று. அதில் 256-க்கு 256 என்ற சதுரத்தில் 65,536 எட்டு பிட் பெருக்கிகள். ஆனால் பெருக்கிய தொகைகளைக் கூட்டிச் சேர்க்கும் இடம் மட்டும் 32 பிட். பெருக்கலில் சிக்கனம், கூட்டலில் தாராளம்! கூட்டலின் செலவு பிட்டுக்கு நேர்விகிதத்தில்தான் ஏறும் என்பதால் அது கட்டுப்படியாகிறது. இச்சில்லு கற்றதை ஒப்பிப்பதற்கு மட்டுமே, கற்பதற்கு அன்று.

கற்கும்போது வேறொரு தொல்லையும் உண்டு. ஐந்து பிட் அடுக்கில் மேலெல்லை 65,504. கீழே ஏறத்தாழ 0.00000006 கடைசிப் படி. திருத்தங்கள் அதனினும் சிறுத்தால் சுழியாகிவிடும். 1024 போன்ற எண்ணால் முன்பே பெருக்கிவைத்துப் பின்பு வகுத்துக்கொள்வது ஒரு வழி. கூகுளார் வகுத்த பிஃபுளோட்16 வேறு வழி: அடுக்குக்கு 8 பிட்டை அப்படியே வைத்துப் பின்னத்தை 7-ஆக வெட்டிவிட்டார்கள். பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டினால் போதுமல்லவா? அடுக்கு மலிவு, பின்னமே விலை. சிறு பெருக்கல்கள் 64-ஆகக் குறைந்தன. ஆனால் 1-க்கு அடுத்த எண் இப்போது 1.0078! என் நோய் இதில் இன்னும் முற்றும்.

வேறொரு மருந்து எனக்கு மிகப் பிடித்தது. 0.0004-ஐ எப்போதும் கீழே தள்ளாமல், சீட்டுக் குலுக்கி நூற்றுக்கு 41 முறை மேலே ஏற்றுவது. ஆயிரம் முறை கூட்டினால் ஏறத்தாழ 1.4 வந்துவிடும். ஒவ்வொரு முறையும் பொய், கூட்டில் மெய்! ஆனால் குலுக்குவதற்கும் சில்லில் ஓர் உறுப்பு வேண்டும். நான்கு பிட்டே எல்லாவற்றுக்கும் போதும் என்பாரை நான் ஏற்பதில்லை. ஒப்பிப்பதற்குப் பல இடங்களில் போதலாம்; திருத்தங்களைச் சேர்த்துவைக்கும் ஏடு அகலமாகவே இருக்கவேண்டும்.

நானும் இறுதியில் அதைத்தான் செய்தேன். பெருக்கலெல்லாம் 16 பிட்டில். எடைகளின் மூலப்படி மட்டும் 32 பிட்டில். எடைகளைவிட இடைநிலை விடைகளே நினைவகத்தை அதிகம் அடைத்திருந்தமையால், மிச்சம் பிடித்த இடத்தில் பெரும்பகுதி கைவிட்டுப் போகவில்லை. அன்று மாலையே பிழையளவு மீண்டும் இறங்கலாயிற்று. குறித்த நாளுக்கு முதல்நாள் ஒப்படைத்தேன். 1-ஐயும் 7-ஐயும் மட்டும் அது இன்னும் அவ்வப்போது மாற்றிப் படிக்கிறது. அதற்குப் பிட்டுகளைக் குறைகூற முடியாது. 32 பிட்டிலும் அப்படித்தான் படித்தது.