பாம்புக்கு ஏற்ற தரை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன்)

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அந்தப் பாம்பைப் பெட்டியில் வைத்து, முறையாக இரை கொடுத்து, அது படுக்கும் தரையைத் துடைத்து வளர்ப்பவர்களும் உலகில் இருக்கின்றனர். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பாம்பு ஒரு செல்லப் பிராணி. நம் நாட்டு நகரங்களிலும் சிலர் வெளிநாட்டுப் பாம்புகளை வளர்க்கின்றனர். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பாம்புப் பெட்டியைச் சுத்தம் செய்யும் வேலையை ஓராண்டாக நான் பார்த்து வருகிறேன்.

என் தாயார் அவ்வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு துடைப்பவர். "மகன் விலங்கியல் படிக்கிறான்" என்று அவர் ஒருநாள் பெருமையாகச் சொல்ல, வீட்டுக்காரர் இந்த வேலையை எனக்குக் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தேர்வுக் கட்டணமும் புத்தகச் செலவும் இந்த வேலையில்தான் நடக்கின்றன. எனவே பாம்புக்கு ஏற்ற தரை எது என்பது எனக்கு வெறும் பாடமன்று.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நல்லபாம்பு, சாரை, மலைப்பாம்பு முதலிய நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி குற்றமாகும். அச்சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்பாட்டின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றை அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது அத்திருத்தம். நான் பார்த்துக்கொள்வது அவ்வாறு பதிவு செய்யப்பட்ட ஒரு பால் பைத்தான். பெயரில் 'பால்' இருப்பதால் பால் குடிக்கும் பாம்பு என்று நண்பர்கள் எண்ண வேண்டாம். எந்தப் பாம்புக்கும் பால் உணவன்று. அஞ்சும்போது பந்துபோல் சுருண்டுகொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர் அது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் தங்கும் நஞ்சற்ற பாம்பு.

தரைக்கு ஏன் இத்தனை மதிப்பு?

நாமும் நாயும் பூனையும் கால்களால் தரையைத் தொடுகிறோம். பாம்போ உடல் முழுவதாலும் தொடுகிறது. அதன் வயிற்றுச் செதிள்கள் இரவும் பகலும் தரைமேலேயே இருக்கின்றன. தரை ஈரமாகவும் அழுக்காகவும் இருந்தால் அச்செதிள்களுக்கிடையே கிருமிகள் நுழைந்து தோல் சிவக்கும், கொப்புளம் எழும், கவனியாது விட்டால் புண்ணாகி உயிருக்கே தீங்காகும். இதைச் செதிள் அழுகல் என்பர்.

அடுத்து, பாம்பு தன் நாக்கை நீட்டி நீட்டிச் சுற்றுப்புறத்தின் வாசனையை அறிகிறது. இரையை விழுங்கும்போது தரையில் கிடக்கும் துகள்களும் உடன் செல்லக்கூடும். கூழாங்கல், மணல், கொட்டை ஓட்டுத் தூள் போன்றவை குடலில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

மூன்றாவதாக, பாம்பு தன் உடல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்தே பெறுகிறது. எங்கள் பெட்டியில் ஒரு பக்கம் சுமார் 32 டிகிரி செல்சியஸும் மறுபக்கம் சுமார் 26 டிகிரியும் இருக்குமாறு வைக்கிறோம். கதகதப்பான இடத்தில் எச்சமும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சையும் கிருமியும் விரைவில் பெருகும்.

நான் செய்த பிழை

நான் சேர்ந்தபோது பெட்டியில் மரச்சீவல் பரப்பியிருந்தது. பார்க்க அழகாக இருக்கும். பாம்பும் அதற்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். எச்சம் இட்ட இடத்தை மட்டும் அள்ளிவிட்டு, மேலாகப் புதுச்சீவல் தூவி வந்தேன். மேற்பரப்பு எப்போதும் பளிச்சென்று இருந்தது.

ஐப்பசி மாதத்து அடைமழையில் காற்றே ஈரமாக இருந்தது. தண்ணீர்க் கிண்ணமும் ஒருமுறை தளும்பியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. ஒருநாள் பாம்பைத் தூக்கியபோது அதன் வயிற்றில் இளஞ்சிவப்பாகச் சில கொப்புளங்களைக் கண்டேன். சீவலைக் கிளறினேன். அடி அடுக்கு கறுத்து, பூஞ்சை பூத்து, முக்கைத் துளைக்கும் நாற்றம் வீசியது.

சொல்லாமல் மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் எண்ணியதை ஒப்புக்கொள்கிறேன். என் வேலை போனாலும் போகட்டும். என்னால் அம்மாவின் வேலையும் போய்விடுமே என்ற அச்சம். அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"நடுவுல எவன் வேணும்னாலும் தொடைப்பான்டா. மூலையையும் அடியையும் பாக்கறவன்தான் வேலைக்காரன். காலையில முதல் வேலையாப் போயி அய்யாகிட்ட சொல்லு" என்றார்.

சொன்னேன். வீட்டுக்காரர் உடனே கால்நடை மருத்துவரிடம் பாம்பைக் கொண்டு சென்றார். நோய் தொடக்க நிலையில் இருந்ததால் மருந்தும் உலர்ந்த தரையும் போதுமாயின. மரச்சீவலை நீக்கி வெறும் செய்தித்தாளை விரிக்கச் சொன்னார் மருத்துவர். இரண்டு முறை சட்டை உரித்த பின் வயிற்றில் ஒரு சிறு தழும்பு மட்டுமே எஞ்சியது. என் வேலையும் எஞ்சியது.

எந்த விரிப்பு எப்படி?

செய்தித்தாள்: விலை மலிவு; ஈரத்தை உறிஞ்சும்; அழுக்கானால் சுருட்டி எறிந்துவிடலாம். பாம்பின் இரத்தத்தை உறிஞ்சும் கறுப்புச் சிற்றுண்ணிகள் வந்தாலும் தாளின்மேல் புள்ளிகளாகத் தெரிந்துவிடும். குறை என்னவெனில், தாள் காற்றின் ஈரப்பதத்தைத் தேக்கி வைக்காது; பாம்பு புகுந்து ஒளியவும் முடியாது. எனவே ஒளிவதற்கு இரண்டு கூடுகளைத் தனியே வைக்க வேண்டும். சட்டை உரிக்கும் காலத்தில், ஈரப் பாசி இட்ட டப்பா ஒன்றும் வேண்டும்.

செயற்கைப் புல்விரிப்பு: கழுவிக் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். ஒன்று காயும்போது போட மற்றொன்று வேண்டும். ஓரம் பிரிந்து நூல் தொங்கினால் நீக்கிவிட வேண்டும்.

ஓடும் வினைல் விரிப்பும்: துடைப்பது எளிது. மிக வழவழப்பானதில் பாம்பால் ஊன்றி நகர இயலாது. சற்றுச் சொரசொரப்பானது நல்லது. இணைப்பு இடுக்குகளில் ஈரம் இறங்காதபடி அடைக்க வேண்டும்.

மரச்சீவல்: அமெரிக்காவில் சோளப்பாம்பு வளர்ப்போர் ஆஸ்பென் மரச்சீவலை மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர். உலர்ந்திருக்கும்வரை நல்லது, நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். செடார் என்னும் மணமுள்ள மரத்தின் சீவல் மட்டும் கூடவே கூடாது. அதன் மணத்துக்குக் காரணமான எண்ணெய்ப் பொருள்கள் பாம்புக்குத் தீங்கானவை.

தென்னை நார்க்கழிவு: நம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டிகளாக வெளிநாடு செல்லும் பொருள் இது. ஈரப்பதத்தைத் தேக்கும், பாம்பு புகுந்துகொள்ளவும் ஏற்றது. பால் பைத்தானுக்குக் காற்றில் சுமார் 60 விழுக்காடு ஈரப்பதம் வேண்டுமாதலால், உலர்ந்த ஊர்களில் இது பெரிதும் உதவும். ஆனால் அடிவரை கிளறிப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

தொழிலாகப் பாம்பைக் கையாள்வோர் தரையை எளிமையாகவே வைக்கின்றனர். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்புகளை மண்பானைகளில் மணல் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கின்றனர். நஞ்சு எடுத்தபின் சில வாரங்களில் அவற்றைக் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அலங்காரத்துக்கு அங்கே வேலையில்லை.

சுத்தம் செய்யும் முறை

முதலில் பாம்பைக் காற்றுத் துளையுள்ள, மூடியிட்ட டப்பாவுக்கு மாற்றுக. விரிப்பை முழுவதும் எடுக்க. சோப்புநீரால் அழுக்கைத் தேய்த்துக் கழுவுக. அழுக்கின்மேல் ஊற்றிய கிருமிநாசினி வேலை செய்யாது. பின்னர், துணி வெளுக்கும் குளோரின் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து தடவி, பத்து நிமிடம் விடுக. நன்றாக அலசி, வாடை போகும்வரை காயவிட்டுப் புது விரிப்பு இடுக. கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தை இத்துடன் கலந்துவிடக் கூடாது. நச்சு வாயு எழும்.

நாம் வீடு துடைக்கும் பினாயில் ஆகவே ஆகாது. கறுப்புப் பினாயிலில் உள்ள பீனால் வகைப் பொருள்கள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. வெள்ளைப் பினாயிலில் உள்ள பைன் எண்ணெயும் தீங்கே.

நமக்கும் ஒரு காப்பு வேண்டும். நோயற்ற பாம்பின் குடலிலும் சால்மோனெல்லா என்னும் பாக்டீரியா இருக்கக்கூடும். ஆகவே பெட்டித் தட்டுகளைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவ மறவாதீர்கள்.

முடிவாக ஒன்று. ஓராண்டாக அந்த அறையை எட்டியும் பார்க்காத அம்மா, பாம்பு தேறிய பின் ஒருநாள் கதவோரம் நின்று பார்த்தார். நான் தாளை மாற்றிக்கொண்டிருந்தேன். எடுத்த தாளில் கிண்ணத்தடி ஈரம் வட்டமாகத் தெரிந்தது.

"இது நல்ல தரைடா. அழுக்கை ஒளிச்சு வைக்கல" என்றார்.

பாம்புக்கு ஏற்ற தரை எது என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான விடை எனக்குத் தெரியவில்லை. விலை உயர்ந்த விரிப்பா, மலிவான தாளா என்பது பிறகு. அதன் அடிப்பக்கத்தை நாள்தோறும் நம்மால் பார்க்க முடியுமா என்பதே முதற் கேள்வி. முடியுமென்றால் அந்தத் தரை பாம்புக்கும் நல்லது, பார்த்துக்கொள்பவனுக்கும் நல்லது.