அந்தமானில் இணையமும் பணப்பையும்

சென்னையிலிருந்து விமானத்தில் ஏறினால் ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரத்தில் ஸ்ரீ விஜயபுரத்தில் இறங்கிவிடலாம். போர்ட் பிளேர் என்று நாம் நெடுங்காலம் அழைத்துவந்த அந்தமான் தலைநகருக்கு 2024 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்த பெயர் அது. விடுமுறைக்கு அங்கே புறப்படும் வாடிக்கையாளர்கள் எங்கள் கிளைகளில் இரண்டு கேள்விகளைக் கேட்பது வழக்கம். செல்பேசியில் இணையம் கிடைக்குமா என்பது ஒன்று. கையில் எவ்வளவு ரொக்கம் கொண்டுபோக வேண்டும் என்பது மற்றொன்று. தேநீர் முதல் தங்கும் அறை வரை எல்லாவற்றுக்கும் செல்பேசியிலேயே பணம் செலுத்தப் பழகிவிட்ட நமக்கு இவை இரண்டும் உண்மையில் ஒரே கேள்விதான்.

நகருக்குள் இணையம் கிடைக்கும். தமிழ்நாட்டில் வாங்கிய சிம் அட்டையே அங்கும் இயங்கும். புதிதாக ஒன்று வாங்க வேண்டியதில்லை. இன்றைய திட்டங்களில் நாட்டுக்குள் ரோமிங்குக்கெனத் தனிக் கட்டணமும் பெரும்பாலும் இல்லை. உங்கள் நிறுவனத்தின் சேவை எந்தெந்தத் தீவுகளில் உண்டு என்பதை மட்டும் அதன் வலைத்தளத்தில் உள்ள வரைபடத்தில் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தமானில் இணையமே இல்லை, ஒரு படம் அனுப்ப ஒரு மணி நேரம் ஆகும் என்றெல்லாம் பழைய பயணக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். அவை பொய்யல்ல, ஆனால் 2020 ஆகஸ்டு மாதத்துக்கு முந்தையவை.

அந்த மாதம் 10ஆம் நாள் சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். பி.எஸ்.என்.எல். நிறுவனம் செயல்படுத்திய இத்திட்டத்துக்கு 2018 டிசம்பர் 30 அன்றுதான் அடிக்கல் நாட்டப்பட்டிருந்தது. நடுக்கடலின் அடியில் வடம் பதிக்கும் வேலை இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்தது பாராட்டுக்குரியது. சென்னையில் தொடங்கும் வடம் தலைநகரை அடைந்து, அங்கிருந்து ஹேவ்லாக் என்று அறியப்பட்ட ஸ்வராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகிய ஏழு இடங்களுக்குக் கிளை பிரிகிறது.

அதற்கு முன்பு தீவுகளின் தொலைத்தொடர்பு செயற்கைக்கோள்களையே நம்பியிருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் நமக்கு ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. தீவிலிருந்து புறப்படும் செய்தி அவ்வளவு தூரம் ஏறி, அவ்வளவு தூரம் இறங்கிச் சென்னையை அடைய வேண்டும். ஒளியின் வேகத்தில் சென்றாலும் கால் நொடி ஆகும். மறுமொழி திரும்பிவர இன்னொரு கால் நொடி. ஒரு பணப் பரிவர்த்தனையில் இத்தகைய போக்குவரத்து பலமுறை நிகழ்கிறது. போதாக்குறைக்கு, செயற்கைக்கோளின் குறுகிய கொள்ளளவைத் தீவுகளின் அரசு அலுவலகங்கள், வங்கிகள், மருத்துவமனைகள், குடியிருப்போர், சுற்றுலாப் பயணிகள் அனைவரும் பங்குபோட்டுக்கொண்டார்கள். இன்று அதே செய்தி கடலடி வடத்தின் வழியாக நூறில் ஒரு பங்கு நொடிக்குள் சென்னையைத் தொட்டுவிடுகிறது.

தொடர்பு அறுந்தால் தீவு எப்படித் தனித்துப் போகும் என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. ஆழிப்பேரலை தாக்கிய அன்று, ஹைதராபாதைச் சேர்ந்த தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு ஒன்று, பாரதி பிரசாத் என்பவரின் தலைமையில், தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தது. வானொலி ஆர்வலர்களோடு உரையாடுவதற்காக வந்தவர்கள், தங்கள் கருவிகளைக் கொண்டே தீவுகளுக்கும் வெளியுலகுக்கும் இடையே செய்திகளைக் கொண்டுசேர்த்தார்கள். இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆயினும் கப்பல் நங்கூரம், நிலநடுக்கம் போன்றவற்றால் கடலடி வடங்கள் சேதமடைவது உலகெங்கும் நடப்பதுதான். அவற்றைச் சீராக்கத் தனிக் கப்பல் வர வேண்டும். நகரத்தில் முழுச் சமிக்ஞையைக் காட்டும் செல்பேசியும் கடலடியில் கிடக்கும் ஒரு வடத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது என்பதை நினைவில் வைப்பது நல்லது.

அபர்தீன் கடைவீதியில், செல்லுலார் சிறையைச் சுற்றி, விமான நிலையத்தில் என நகரின் பெரும்பகுதியில் க்யூ.ஆர். குறியீட்டைப் படம்பிடித்துப் பணம் செலுத்தலாம். கடைக்காரர் தமிழில் பேசினாலும் வியப்பில்லை. பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழும் ஊர் அது. வேறுபாடு ஃபீனிக்ஸ் பே படகுத்துறையைத் தாண்டியதும் தொடங்குகிறது. கரையை விட்டு விலகிய சிறிது நேரத்தில் செல்பேசி கோபுரங்களைத் தேடித் தவிக்கத் தொடங்கும். அப்படித் தேடும்போது அது வழக்கத்தைவிடக் கூடுதல் ஆற்றலைச் செலவிடுவதால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். படகில் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுவதே சிறந்தது. ஸ்வராஜ் தீவுக்கு வடம் வந்துவிட்டது என்றாலும், கடற்கரையோரத் தென்னந்தோப்பு ஒவ்வொன்றுக்கும் கோபுரம் வந்துவிடவில்லை. நீல் என்று அறியப்பட்ட ஷஹீத் தீவோ, மேலே சொன்ன ஏழு இடங்களின் பட்டியலில் இடம்பெறவில்லை. பாரடாங் சுண்ணாம்புக் குகைகளைக் காணச் செல்வோர் ஜிர்காடாங்கிலிருந்து வாகன அணிவகுப்பில் ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தைக் கடக்க வேண்டும். அடர்ந்த அந்தக் காட்டுப்பாதையில் சமிக்ஞையை எதிர்பார்க்காதீர்கள். படம் எடுப்பதும் அங்கே சட்டப்படி குற்றம் என்பதால் செல்பேசி பைக்குள் இருப்பதே முறை.

இனி, பணம் செலுத்தும்போது நடப்பதைப் பார்ப்போம். யு.பி.ஐ. பரிவர்த்தனைக்குத் தேவைப்படும் தரவு மிகச் சிறிது. ஒரு நிழற்படத்தை அனுப்புவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. ஆனால் அச்சிறு செய்தி செல்பேசியிலிருந்து கோபுரத்துக்கும், வடத்தின் வழியே பெருநிலத்துக்கும், உங்கள் வங்கிக்கும், கடைக்காரரின் வங்கிக்கும் சென்று, முடிவோடு திரும்பிவர வேண்டும். இங்கே வேண்டுவது வேகத்தைவிட அறுபடாத தொடர்பு. காணொளி ஓடும் இடத்தில் பணம் போகாமல் நிற்பதும், மந்தமான இணையத்தில் பணம் உடனே போய்விடுவதும் இதனால்தான். காணொளி இடையில் சிறிது அறுந்தாலும் சேமித்து வைத்ததைக் கொண்டு சமாளித்துக்கொள்ளும். பணப் பரிவர்த்தனைக்கு அந்த வசதி இல்லை.

இடையில் அறுந்தால், உங்கள் கணக்கில் பணம் கழிந்திருக்கும், கடைக்காரருக்கோ வந்திருக்காது. கரையில் படகு காத்திருக்கும் பதற்றத்தில் பலர் உடனே இரண்டாம் முறை செலுத்திவிடுகிறார்கள். சில நிமிடங்கள் பொறுத்து, செயலியில் அப்பரிவர்த்தனையின் நிலையைப் பாருங்கள். ‘நிலுவையில்’ என்று இருந்தால், கையிலுள்ள ரொக்கத்தைக் கொடுத்துவிட்டுப் பரிவர்த்தனை எண்ணைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறைப்படி, தனிநபருக்கு அனுப்பிய பணம் உரியவருக்குச் சேராவிட்டால் பரிவர்த்தனை நாளுக்கு அடுத்த நாளுக்குள்ளும், வணிகருக்குச் செலுத்தியதற்கு உறுதிச் செய்தி கிடைக்காவிட்டால் ஐந்து நாட்களுக்குள்ளும் தொகை தானாகவே திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ஏ.டி.எம். இயந்திரத்தில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தாலும் இதே ஐந்து நாள் கெடுதான்.

ரொக்கம் பற்றிய கேள்விக்கு வருவோம். தலைநகரில் இருக்கும் நாட்களுக்கு வழக்கமான அளவே போதும். சிறு தீவுகளுக்குச் செல்லும் நாட்களுக்கு உணவு, உள்ளூர் வண்டி, படகு ஆகியவற்றுக்கான முழுத் தொகையையும், கூடுதலாக ஒரு நாள் தங்க நேர்ந்தால் ஆகும் செலவையும் கையில் வைத்திருங்கள். கடல் சீற்றத்தால் படகு நின்றுபோவது அங்கே அரிதன்று. 100, 200 ரூபாய்த் தாள்களாக இருப்பது நலம். இப்பணத்தை நகரிலேயே எடுத்துவிடுங்கள். சிறு தீவுகளில் ஏ.டி.எம்.கள் மிகச் சில. அவையும், கடைகளில் அட்டை தேய்க்கும் கருவிகளும் நீங்கள் நம்பும் அதே வலையமைப்பையே நம்பியிருப்பவை. இணையம் இல்லாமலே சாதாரணச் செல்பேசி வழியாகப் பணம் அனுப்பும் *99# சேவையும் உண்டு. ஊரிலேயே ஒருமுறை முயன்று, உங்கள் எண்ணில் அது இயங்குகிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். விடுதிப் பதிவு, படகுச் சீட்டு, அடையாள அட்டை, வரைபடம் ஆகியவற்றைச் செல்பேசியில் இறக்கி வைப்பதோடு, சீட்டுகளைத் தாளிலும் அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றைவிட முக்கியமானது வங்கியில் பதிவான சிம் அட்டை. அதன் கட்டணத் திட்டம் பயணத்தின் நடுவே முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல் குறுஞ்செய்தியாக வருவதால் இணையம் இல்லாத இடத்திலும் கிடைக்கக்கூடும். ஆனால் எண் உயிரோடு இருக்க வேண்டும். யு.பி.ஐ. செயலியைப் புதிதாக நிறுவும்போது அந்த சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வெளியே போயாக வேண்டும். எனவே தீவில் இருக்கும்போது செயலியை நீக்கி மீண்டும் நிறுவுவதோ, புதிய செல்பேசிக்கு மாறுவதோ வேண்டாம். சிம்மைத் தொலைத்தால் நிலைமை இன்னும் கடினம். மாற்று சிம் வாங்கிய முதல் 24 மணி நேரத்துக்கு அதில் குறுஞ்செய்திகள் தடுக்கப்படுகின்றன. உங்கள் எண்ணை வேறொருவர் அபகரித்து, கணக்கைக் காலி செய்வதைத் தடுக்கும் பாதுகாப்பு ஏற்பாடு அது. ஆனால் கடற்கரையில் செல்பேசியைத் தொலைத்தவருக்கு அந்த ஒரு நாள் முழுதும் கடவுச்சொல் வராது. குடும்பமாகச் செல்வோர் இரண்டு பேரின் செல்பேசிகளில், இரு வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளோடு யு.பி.ஐ. வசதி வைத்திருப்பது இதற்காகத்தான். பற்று அட்டைகளையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

பணம் நிலுவையில் நிற்கும் அந்த நேரத்தைத்தான் மோசடிக்காரர்களும் எதிர்பார்த்திருக்கிறார்கள். ‘வாடிக்கையாளர் சேவை எண்’ என்று இணையத்தில் தேடினால் முதலில் வரும் எண் வங்கியினுடையதாக இருக்க வேண்டுமென்பதில்லை. அந்த எண்ணில் பேசுபவர் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, செயலி ஒன்றை நிறுவச் சொல்வார், அல்லது யு.பி.ஐ. கடவு எண்ணை இடச் சொல்வார். பணம் பெறுவதற்குக் கடவு எண் ஒருபோதும் தேவையில்லை. உங்கள் அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள எண்ணைப் புறப்படும் முன்பே செல்பேசியிலும், ஒரு தாளிலும் குறித்துக்கொள்ளுங்கள். ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால் ஊர் திரும்பும்வரை காத்திராமல் வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள். அதற்கு இணையம் தேவையில்லை. சாதாரண அழைப்பே போதும்.