பழைய பேனாவும் போலிப் பேனாவும்

நம்மவர் இல்லங்களில் பேனாவுக்கு என்றுமே ஒரு தனி மரியாதை உண்டு. ஸ்டெனோவாகவும் டைப்பிஸ்டாகவும் கணக்கராகவும் மும்பைக்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறி வந்த முந்தைய தலைமுறைக்குப் பேனாவே பிழைப்பாய் இருந்தது. பிள்ளை பரீட்சையில் தேறினாலும், மாமனார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றாலும், "நல்ல பேனா ஒன்று வாங்கிக் கொடுப்போம்" என்ற எண்ணம் நமக்கு இன்றும் எழுவது அதனால்தான் போலும்.

நல்ல பேனா என்றதும் மான்ட் பிளாங்க், பார்க்கர் என்னும் பெயர்கள் நினைவுக்கு வருகின்றன. மான்ட் பிளாங்கின் பெரிய பேனாவைக் கடையில் புதிதாய் வாங்க ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளம் போதாது. எனவே பழையது கிடைக்குமா என்று சோர் பஜாரிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் தேடுகிறோம். போலிகள் நமக்காகக் காத்திருக்கும் இடங்களும் அவையே.

போலியைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு விதியை மனத்தில் இருத்தினால் போதும். மேற்பூச்சைப் போலி செய்வது எளிது. உள்ளமைப்பைப் போலி செய்வது கடினம். நட்சத்திரம், அம்பு, பெட்டி, உத்தரவாதச் சீட்டு ஆகிய யாவற்றையும் எவரும் செய்துவிடலாம். ஆதலின் பேனாவைக் கையில் வாங்கியதும் மூடியின் அழகில் மயங்காமல், நிப்பையும் மை ஏறும் வழியையும் பார்த்தல் வேண்டும்.

மான்ட் பிளாங்க்

1952-இல் வெளிவந்த 149 என்னும் பெரிய பேனாவே மிகுதியாகப் போலி செய்யப்படுவது. இதிலும் இதன் தம்பியாகிய 146-இலும் வால்பகுதியிலுள்ள குமிழைத் திருகினால் உள்ளே பிஸ்டன் ஏறியிறங்கி, பேனா தானே மையை உறிஞ்சிக்கொள்ளும். 149 என்று சொல்லி ஒருவர் தரும் பேனாவின் உடலைக் கழற்றியதும் உள்ளே தனி மைக்குழல் செருகியிருக்குமாயின், மேற்கொண்டு பேரம் பேச வேண்டுவதில்லை, அது போலி. 145 என்னும் சிறிய பேனாவிலோ அத்தகைய குழல் இருப்பது முறையே. பிஸ்டன் இருந்தாலே அசல் என்றும் முடிவு கட்டலாகாது. தேர்ந்த போலிகளில் அதுவும் உண்டு.

அடுத்தது நிப்பு. அதில் 4810 என்ற எண் பொறித்திருக்கும். மான்ட் பிளாங்க் மலையின் உயரத்தை மீட்டரில் குறிக்கும் எண் அது. தங்கத்தின் தரத்தைக் காட்டப் பொதுவாக 18 காரட்டுக்கு 750 என்றும், 14 காரட்டுக்கு 585 என்றும் இருக்கும். போலியிலும் இவை இருக்கக்கூடும் என்பதால் எண்ணைப் படிப்பதோடு நில்லாமல் ஓரங்களைப் பூதக்கண்ணாடியால் நோக்குங்கள். அசலின் உடல் தங்கம். அதன்மேலுள்ள வெள்ளைப் பூச்சு தேய்ந்தால் அடியில் மஞ்சள் தெரியும். மஞ்சள் தேய்ந்து அடியில் வெள்ளை எஃகு தெரிந்தால் அது முலாம் பூசிய தகடு. பேனாவின் கறுப்பு உடலிலும் ஒரு குறிப்பு உண்டு. வலுவான விளக்கை மூடியினுள் வைத்துப் பார்த்தால் அசல் பெரும்பாலும் கருஞ்சிவப்பாய் ஒளிரும்.

பார்க்கர் 51

1941-இல் விற்பனைக்கு வந்த இப்பேனாவை நம் பெரியவர்கள் நன்கறிவார்கள். நிப்பு முழுவதும் கூட்டுக்குள் மறைந்து நுனி மட்டும் தெரிவது இதன் அடையாளம். ஏமாற்றுபவர்க்கு வசதியாய் இருப்பதும் அந்த மறைவே. வடிவில் இதனை ஒத்த ஹீரோ என்னும் சீனப் பேனா குறைந்த விலையில் நன்றாகவே எழுதும். ஆனால் அதைப் பார்க்கர் விலைக்கு வாங்குதல் தகாது. பார்க்கர் நிறுவனமே 1948-இல் மலிவாகக் கொணர்ந்த 21 என்னும் பேனாவையும் 51 என்று விற்பதுண்டு. ஆகவே உடலைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். 1948 முதல் வந்த 51-இல் மைப்பையைச் சுற்றி ஓர் உலோக உறை இருக்கும். மை நிரப்பும் முறை அதன்மேல் எழுத்துகளாய்ப் பொறித்திருக்கும். பழைய 51-இன் மூடி திருகாமல் செருகி மூடப்படுவது. 2021-இல் அதே பெயரில் வந்த புதுப்பேனாவின் மூடியோ திருகு மூடி.

இன்னொரு வகையும் உண்டு. ஒரு பேனாவின் மூடி, வேறொன்றின் உடல், மூன்றாவதன் நிப்பு என ஒட்டுப் போட்டுச் சேர்த்தவை அவை. எழுதுவதற்குக் குறைவில்லை என்றாலும் அவற்றுக்கு முழுவிலை கொடுக்கலாகாது.

கடையில் செய்யத்தக்கவை

சிறிய காந்தம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். நிப்பு அதில் ஒட்டினால் தங்கமன்று என்பது உறுதி. ஒட்டாவிட்டால் தங்கமென்பது உறுதியன்று. ஒட்டாத எஃகும் உண்டு. நுனியை மையில் தோய்த்து இரண்டு வரி எழுதிப் பாருங்கள். கைப்பேசி மூலம் வாங்குவோர் நிப்பு, மை ஏறும் பகுதி ஆகியவற்றின் படங்களைக் கேட்டுப் பெறுதல் நலம். மூடியை மட்டும் நான்கு கோணத்தில் காட்டுகிறவருக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம்.

விற்போர் கவனத்திற்கு

நிற்க. இந்த அறிவு வாங்குவோருக்கு மட்டும் பயன்படுவதன்று. தந்தையார் காலமான பின் டிரங்குப் பெட்டியில் பழைய பேனா ஒன்று அகப்படுகிறது. கடைக்காரர் புரட்டிப் பார்த்து, "இது டூப்ளிகேட் அம்மா, போனால் போகட்டும், இருநூறு தருகிறேன்" என்கிறார். அவர் காட்டும் குறைகள் குறைகள்தாமா என்று ஆராய வேண்டும். மான்ட் பிளாங்க் கிளிப்பில் தொடர் எண் பொறிப்பது 1990-களில் பரவிய வழக்கம். அதற்கு முந்தியவற்றில் அது இல்லாமை இயல்பே. 'மேற்கு ஜெர்மனி' என்றிருப்பது 1990-க்கு முற்பட்டது என்பதற்கே சான்று. பார்க்கர் 51 அமெரிக்காவில் மட்டுமன்றி இங்கிலாந்திலும் செய்யப்பட்டது. பிற்காலத்தில் இந்தியாவிலேயே உரிமத்துடன் செய்யப்பட்ட வேறு பார்க்கர் பேனாக்களும் உண்டு; அவையும் போலியல்ல. காய்ந்த மையும் தேய்ந்த எழுத்தும் உழைப்பின் அடையாளங்களே. எனவே முதற்கடையிலேயே கொடுத்துவிடாமல், விவரமறிந்த இருவரிடமேனும் காட்டுங்கள். தந்தையார் கையெழுத்திட்ட பேனாவை அறியாமையால் இழப்பது பண நட்டத்தினும் பெரிது.

போலியென்று தெரிந்ததை இன்னொருவர் தலையில் கட்டுவதும் நமக்குத் தகாது. போலி வணிகக் குறியுள்ள பொருளை விற்பது 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அறத்தின்படியோ சொல்லவே வேண்டியதில்லை. கையில் பணம் குறைவாயின் ராஜமந்திரியிலும் திருவள்ளூரிலும் கையால் கடைந்து செய்யும் எபோனைட் பேனா ஒன்றை வாங்கிப் பிள்ளைக்குப் பரிசளியுங்கள். பெயர் சிறிதானாலும் சொன்ன பொருளாகவே இருக்கும் பேனா அது. பொய் நட்சத்திரம் சூடிய பேனாவைவிட அதுவே அவன் சட்டைப்பைக்கு அழகு.