பாராமல் தட்டும் வித்தை

பள்ளி இறுதித் தேர்வு எழுதிய கையோடு, பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் சேர்ந்தபோது, 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்ற ஒரே பாடத்தை நாட்கணக்கில் தாள் தாளாக அடிக்க வைத்து, குனிந்து விசையைப் பார்த்தவன் முதுகில் அடிக்கோலால் தட்டிய மாஸ்டரின் பிடிவாதத்தை வெறும் கொடுமை என்றே எண்ணினேன். மேசை மேல் கணினி வந்து அமர்ந்த பிறகுதான் அதன் தாத்பரியம் எனக்குப் புலப்பட்டது.

விசையைப் பாராமல் அடிப்பதன் அருமைக்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1888-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், சால்ட் லேக் சிட்டி நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரான ஃபிராங்க் மெக்கரினுக்கும், தட்டச்சு ஆசிரியரான லூயிஸ் டிராபுக்கும் நடந்த பிரசித்தமான பந்தயத்தில், பிறர் வாசிக்கக் கேட்டு அடித்தபோதும் மெக்கரினே முந்தினார் என்றாலும், தாளைப் பார்த்து அடிக்கும் சுற்றில்தான் டிராப் வெகுவாகப் பின்தங்கினார். அவருடைய கண் தாளுக்கும் விசைக்கும் ஓயாமல் யாத்திரை செய்துகொண்டிருக்க, விசைகளின் ஸ்தானத்தை விரல்களுக்கே மனப்பாடம் செய்வித்திருந்த மெக்கரினின் கண் தாளிலேயே நிலைத்திருந்தது.

உங்கள் கணினியின் எஃப், ஜே விசைகளைத் தடவிப் பாருங்கள். சிறு மேடு தட்டுப்படும். சுட்டுவிரல்கள் இரண்டும் அங்கே அமர்ந்தால் மற்ற விரல்கள் நடு வரிசையில் தத்தம் இடத்தைத் தாமே அடையும். மேலும் கீழும் போய் அடித்த விரல் உடனே வீடு திரும்ப வேண்டும் என்பதே பாராமல் தட்டும் இந்த வித்தையின் பிரதான விதி.

தமிழுக்கு, 1999-இல் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ்99 விசைப்பலகை முறையையே நான் சிபாரிசு செய்வேன். உயிரெழுத்துகள் இடக்கையிலும், மெய்கள் ஏறக்குறைய எல்லாமே வலக்கையிலும் அமைந்திருப்பதால் இரு கைகளும் மாறி மாறி உழைக்கின்றன. 'அம்மா' என்று அடிக்க, இடக்கைச் சுண்டுவிரலால் 'அ', வலக்கை நடுவிரலால் இருமுறை 'ம', மறுபடி இடக்கைச் சுண்டுவிரலை ஒரு வரிசை மேலே நீட்டி 'ஆ' என நான்கே தட்டுகள் போதும். 'ம' இரட்டித்தவுடன் முதல் 'ம'வின் தலையில் புள்ளி தானாக விழுந்துவிடும்.

ஆரம்ப வாரங்களில், இரண்டு விரல்களால் தேடித் தேடிக் குத்திய பழைய வேகம்கூட வராமல் சலிப்பு உண்டாகும். பலர் கைவிடுவது அங்கேதான். இன்னொரு அபாயம், பிழையை நொடியில் அழித்துவிடும் பேக்ஸ்பேஸ் விசை. பழைய யந்திரத்தில் தப்பெழுத்து தாளில் நின்று நம்மைப் பார்த்துச் சிரித்ததால், நிதானம் தானே வந்தது. வேகத்தை மறந்து, தினம் அரைமணி நேரம் பிழையின்றி அடிக்கும் அப்பியாசம் ஒன்றே போதுமானது. இன்று இரவு, கைகளின் மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, 'அம்மா' என்று பத்துத் தடவை அடித்துப் பாருங்களேன்.